உழவனும் துப்பாக்கியும்

சிறுபத்திரிகைகள் குறித்த ஒரு கூட்டத்தில் சமீபத்தில் நண்பர் ஒருவர் பேசினார். அமெரிக்கக் காலனிகளின் உழவர்கள் 1775ல் வேட்டைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி, உலகின் ஆகப் பெரிய சாம்ராஜ்யத்தைத் தோற்கடித்தார்கள். முந்நூறு பிரதிகள் அச்சடிக்கும் நாமும் அப்படித்தான். பயிற்சி வேண்டாம், ஸ்தாபனம் வேண்டாம், தீவிரம் இருந்தால் போதும் என்பது அவர் வாதம். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீடு திரும்பிய பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. அந்த யுத்தம் அப்படி நடக்கவில்லை. நடக்காத ஒன்றிலிருந்து நாம் பெறும் தைரியத்தின் தரம் என்ன? இது சரித்திரம் படிப்பவர்களுக்கான கேள்வி மட்டுமல்ல, விமர்சகனுக்கான கேள்வியும்தான். ஏனென்றால் அந்த உழவனை உண்டாக்கியது ராணுவக் குறிப்பேடுகள் அல்ல. கவிதையும் ஓவியமும்தான் அவனை உண்டாக்கின.

மூன்று படைப்புகளைச் சொல்கிறேன். கன்கார்டில் நினைவுத்தூண் திறந்தபோது பாடுவதற்கென்று எமர்ஸன் எழுதிய பாடல் முதலாவது. அது 1837ல் வந்தது, சம்பவம் நடந்து அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து. ஆற்றுப் பாலத்தருகே நின்று சுட்ட உழவன் அந்தப் பாடலில்தான் சாசுவதமானான். இரண்டாவது, பால் ரிவியரின் நள்ளிரவுக் குதிரைச் சவாரி பற்றி லாங்ஃபெலோ எழுதி 1861 ஜனவரியில் அட்லாண்டிக் பத்திரிகையில் வெளியான கவிதை. மூன்றாவது, வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடப்பதாக லாய்ட்ஸ ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் நகரில் உட்கார்ந்து 1851ல் வரைந்து முடித்த ஓவியம்.

இவை பொய் சொல்கின்றன என்று சொல்வது சுலபம். கவிஞன் தேதியைத் தவறவிட்டான் என்று பிடிப்பது விமர்சனமாகாது. எதை விட்டுவிட்டால் படிமம் உருவாகிறது என்று பார்ப்பதே என் அக்கறை. லாங்ஃபெலோவின் கவிதையில் ரிவியர் கன்கார்டு வரை போய்ச் சேர்கிறான். நிஜத்தில் வழியிலேயே பிரிட்டிஷ் ரோந்துப் படையிடம் மாட்டிக்கொண்டான். கன்கார்டுக்குச் செய்தியைக் கொண்டுபோனவர் ஸாமுவேல் பிரெஸ்காட் என்ற வைத்தியர். அவர்களோடு டாஸ் என்றொருவர். இவர்கள் எழுப்பியவர்கள் வேறு ஊர்களுக்கு ஆளனுப்ப, அங்கிருந்து இன்னும் சிலர். இது ஒரு ஏற்பாடு. முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த ஏற்பாடு. ஊர்ப்படையில் சேருவது சட்டக் கடமை. அவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்தார்கள். கன்கார்டில் அவர்கள் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தையும் பீரங்கிகளையும் கைப்பற்றத்தான் பிரிட்டிஷார் 1775 ஏப்ரல் 19ந்தேதி வந்தார்கள். கவிதை இந்த ஏற்பாட்டை அழித்துவிட்டு ஒற்றைக் குதிரைக்காரனை மிச்சம் வைத்தது. உள்நாட்டு யுத்தம் வாசலில் நின்ற நேரத்தில் லாங்ஃபெலோவுக்கு ஒரு ஒற்றை மனிதன் தேவைப்பட்டான். நமக்கும் அவன் தேவைப்படுகிறான் என்பதுதான் விஷயம்.

லாய்ட்ஸவின் ஓவியத்திலும் இதே கதை. அதில் பறக்கும் நட்சத்திரக் கொடி 1777 ஜூனில்தான் அங்கீகரிக்கப்பட்டது. ஆற்றைக் கடந்ததோ 1776 கிறிஸ்துமஸ் இரவில். அதை விட்டுவிடுவோம். படகின் முன்னால் நிமிர்ந்து நிற்கும் வாஷிங்டனின் முகத்தில் தெரிகிற சங்கல்பம்தான் டிரென்டனை வென்றது என்று ஓவியம் நம்மை நம்ப வைக்கிறது. அன்றிரவு 2,400 பேரோடு கூடவே பதினெட்டுப் பீரங்கிகளும் பனிக்கட்டி மிதந்த ஆற்றைக் கடந்தன. படகைச் செலுத்தியவர்களில் பலர் மார்பிள்ஹெட் என்ற கடலோர ஊரின் மீனவர்கள். மழையிலும் பனியிலும் துப்பாக்கிகள் நனைந்து பிரயோஜனமற்றுப் போன அந்தக் காலையில் டிரென்டன் தெருக்களைத் துடைத்தவை பீரங்கிகள். பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஜெர்மன் சிப்பாய்கள் தொள்ளாயிரம் பேர் வாக்கில் பிடிபட்டார்கள். சங்கல்பம் இருந்தது, மறுக்கவில்லை. அது பீரங்கி வண்டியோடு சேர்ந்து வந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. இன்னொன்று: இந்த ஓவியத்தின் முதல் பிரதி பிரெமன் நகரில் இருந்தது, 1942ல் பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டில் எரிந்துபோயிற்று.

*

இனிப் பள்ளிப் புத்தகத்துக்கு வருகிறேன். படிமத்தை நம்பாதவர்கள் அட்டவணையை நம்புகிறார்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பிரிட்டன்: உலகின் சிறந்த கடற்படை, பயிற்சி பெற்ற தரைப்படை, பணம், எண்பது லட்சம் ஜனத்தொகை. வலப்பக்கம் காலனிகள்: சொந்த மண், உயர்ந்த லட்சியம், வாஷிங்டன், பிற்பாடு பிரான்ஸ். இரண்டையும் கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும் என்று நினைப்பு. எனக்கு இந்த அட்டவணை அந்தக் கவிதைகளைவிடக் குறைவான கற்பனையாகத் தோன்றவில்லை. பலம் என்பது மூட்டையில் கட்டிவைத்த அரிசி மாதிரி எங்கே வைத்தாலும் அதே எடை காட்டும் என்ற அனுமானம் இதன் அடியில் இருக்கிறது. கவிதையில் ஒரு சொல்லுக்குத் தனியே மதிப்பில்லை, இருக்கும் இடத்தால்தான் மதிப்பு என்று ஓயாமல் எழுதுகிற நாம், பலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறோம்.

கடற்படையை எடுத்துக்கொள்வோம். 1776 ஆகஸ்டில் ஹவ் சகோதரர்கள் நியூயார்க்கில் கொண்டுவந்து இறக்கிய படை 32,000 பேர் வாக்கில். அதுவரை பிரிட்டன் அவ்வளவு பெரிய படையைக் கடல் தாண்டி அனுப்பியதில்லை. லாங் ஐலண்டில் வாஷிங்டன் படுதோல்வி அடைந்தார். இந்த யுத்தத்தின் ஏதாவதொரு கட்டத்தில் பாஸ்டன், நியூயார்க், நியூபோர்ட், பிலடெல்பியா, ஸவான்னா, சார்ல்ஸ்டன் எல்லாமே பிரிட்டிஷ் வசம் இருந்தன. ஐரோப்பாவில் இப்படித் தலைநகர் விழுந்தால் யுத்தம் முடிந்தது என்று அர்த்தம். காங்கிரஸ் கூடிய பிலடெல்பியாவை 1777 செப்டம்பரில் பிடித்தார்கள். காங்கிரஸ் மூட்டை முடிச்சுகளோடு யார்க் என்ற சின்ன ஊருக்குப் போய் உட்கார்ந்தது. எதைப் பிடித்தால் எல்லாம் விழுமோ அது அந்த நாட்டில் இல்லை. இருபத்தைந்து லட்சம் பேர் பெரும்பாலும் பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் சிதறிக் கிடந்தார்கள். கப்பல் போகும் தூரம் வரை சாம்ராஜ்யம் சர்வ வல்லமையோடு இருந்தது. தண்ணீரை விட்டு நாலைந்து நாள் நடந்தால் அது சுருங்க ஆரம்பித்தது.

தரைப்படையும் அப்படித்தான். வெட்டவெளியில் வரிசையாக நின்று, நூறு கஜத்துக்குள் சுட்டு, பயனெட்டோடு பாய்வதில் அந்தச் சிப்பாய்களுக்கு நிகரில்லை. பங்கர் ஹில்லில் 1775 ஜூனில் குன்றை அவர்கள்தான் பிடித்தார்கள். அதற்குக் கொடுத்த விலை ஆயிரத்துக்கு மேல் செத்தவர்களும் காயம்பட்டவர்களும், கிட்டத்தட்ட போனவர்களில் பாதி. ஐரோப்பாவில் செத்த சிப்பாய்க்குப் பதில் ஆள் அடுத்த மாகாணத்திலிருந்து நடந்து வருவான். இங்கே மூவாயிரம் மைல் கடல் தாண்டி வர வேண்டும். அவன் தின்னும் மாவும் உப்பிட்ட இறைச்சியும் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வர வேண்டும். பயிற்சி கூடக்கூட அந்தச் சிப்பாய் அபூர்வமான பண்டமாகிறான்; இழக்கப் பயந்து தளபதி தயங்குகிறான். சிறந்த படை என்பதே அந்தப் படையைச் செலவழிக்கத் தடையாகிறது. இது அட்டவணையின் எந்தப் பக்கத்தில் வரும்?

வலப்பக்கத்துக்கும் இதே கதிதான். சொந்த மண் என்கிறோம். சொந்த மண் என்றால் அறுவடைக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் அர்த்தம். ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் டிசம்பர் 31 ஆனதும் கிளம்பத் தயாரானார்கள். வாஷிங்டன் டிரென்டனை அவசரமாகத் தாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. அச்சடித்த காகிதப் பணம் காகித விலைக்கு வந்தது. வெடிமருந்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது, அதிலும் முக்கியமாக பிரான்ஸிலிருந்து. 1777–78 பனிக்காலத்தில் வாலி ஃபோர்ஜ் முகாமில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேர் செத்தார்கள். ஒரு குண்டும் பாயவில்லை, நோயில் செத்தார்கள். 1777ல் வாஷிங்டன் எடுத்த மிகப் பெரிய ராணுவ முடிவு எது என்று என்னைக் கேட்டால், படை முழுவதுக்கும் அம்மை குத்த உத்தரவிட்டதைச் சொல்வேன். அதை யாரும் ஓவியமாக வரையவில்லை.

நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இது. அந்தப் போரை நடத்தியவருக்கே ஊர்ப்படை உழவன்மீது நம்பிக்கை இல்லை. நீண்ட கால ஒப்பந்தமும், ஒழுங்கும், சம்பளமும் உள்ள முறையான படை வேண்டும் என்று காங்கிரஸுக்கு எழுதி எழுதிக் கை சலித்தவர் வாஷிங்டன். 1778 பிப்ரவரியில் ஸ்டூபன் என்ற பிரஷ்ய அதிகாரி வந்து, கைகால்களை எப்படி வைப்பது என்பதிலிருந்து ஆரம்பித்துக் கற்றுக்கொடுத்த பிறகே அந்தப் படை படையாயிற்று. 1780 ஆகஸ்டில் காம்டனில் ஊர்ப்படையினர் பெரும்பாலும் ஒரு வேட்டுக்கூடப் போடாமல் ஓடினார்கள்.

அதே ஊர்ப்படை ஐந்து மாதம் கழித்து, 1781 ஜனவரி 17ல், கௌபென்ஸ் என்ற மேய்ச்சல் வெளியில் வென்றது. அதன் காரணம்தான் எனக்கு இந்த யுத்தம் முழுவதிலும் மிகவும் பிடித்தது. தளபதி டானியல் மார்கனுக்கு இவர்கள் நிற்க மாட்டார்கள் என்று தெரியும். நில்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு முறை குறிபார்த்துச் சுடுங்கள், பிறகு பின்னால் போய்விடுங்கள் என்றார். அவர்கள் சுட்டார்கள், பின்வாங்கினார்கள். ஓடுகிறார்கள் என்று நினைத்துப் பாய்ந்து வந்த பிரிட்டிஷ் படை, பின்னால் காத்திருந்த முறையான படையில் போய் மோதியது. ஓடுவது பலவீனம், ஓட்டத்துக்குத் திட்டத்தில் ஓர் இடம் கொடுத்ததும் அது உத்தியாகிவிட்டது. தன் குறை எது என்று பொய்யின்றி அறிந்து, அதற்கேற்ற உருவத்தைக் கண்டடைவது என்று நாம் கவிதையைப் பற்றிச் சொல்வது இதைத்தான். குறையை லட்சியமாக்கிக் கொடி பிடிப்பது வேறு. மார்கன் முன்னதைச் செய்தார். என் நண்பர் பின்னதைச் செய்யச் சொல்கிறார்.

தெற்கில் மார்கனுக்கு மேலதிகாரியாக இருந்த நதானியல் கிரீனும் இப்படித்தான். பெரிய சண்டைகளில் ஒன்றைக்கூட அவர் வென்றதாகச் சொல்ல முடியாது. கில்ஃபர்டில் 1781 மார்ச்சில் களம் கார்ன்வாலிஸுக்கே; ஆனால் வென்ற படையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. வெற்றியால் நொடித்துப்போன கார்ன்வாலிஸ் கடற்கரையைத் தேடி நகர்ந்தார். அந்த வழி யார்க்டவுனில் போய் முடிந்தது.

*

இலக்கியப் பத்திரிகை என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. இந்த யுத்தத்தின் திருப்புமுனை 1777 அக்டோபர் 17ல் ஸாரடோகாவில் கிட்டத்தட்ட ஆறாயிரம் பேரோடு பர்காயின் சரணடைந்தது. பர்காயின் நாடகாசிரியர்; அவர் நாடகம் லண்டனில் மேடையேறியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தினருக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் ரகசியமாகக் கப்பலேற்றி அனுப்பியவர் ‘செவில்லின் நாவிதன்’ எழுதிய பூமார்ஷே. இதற்கென்றே ஒரு பொய்க் கம்பெனி தொடங்கி, பிரெஞ்சு அரசனின் பணத்தை அதன் வழியாகப் புரட்டினார். ஒரு நாடகாசிரியர் அனுப்பிய ஆயுதத்தால் இன்னொரு நாடகாசிரியர் தோற்றார். பெர்னாட் ஷா 1897ல் ‘சாத்தானின் சீட’னில் பர்காயினை மேடையேற்றியபோது, தோல்விக்குக் காரணம் லண்டனில் ஒரு கனவான் விடுமுறை அவசரத்தில் ஹவுக்கு உத்தரவை அனுப்ப மறந்ததுதான் என்று வைத்தார். நல்ல நாடகம். ஆனால் விஷயம் இதைவிட மோசமானது. பர்காயின் கனடாவிலிருந்து தெற்கே வருவதற்கும், ஹவ் கடல் வழியாக பிலடெல்பியாவுக்குப் போவதற்கும் லண்டன் இரண்டுக்குமே சம்மதம் தெரிவித்திருந்தது. போய்வரக் கப்பலுக்கு மாதக்கணக்காகும்போது, மேஜையில் உட்கார்ந்து இரண்டு படைகளை ஓரிடத்தில் சந்திக்க வைக்க முடியாது. ஒரு ஆளின் மறதியல்ல, தூரம்தான் அங்கே குற்றவாளி. ஷாவுக்கே தூரத்தை மேடையில் நிறுத்த முடியவில்லை. ஒரு கனவானைத்தான் நிறுத்த முடிந்தது.

லட்சியம் என்ற வரிக்கு வருகிறேன். காலனிகளில் ஐந்து லட்சம் பேர் வாக்கில் அடிமைகள். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தன் பக்கம் வந்து ஆயுதம் எடுத்தால் விடுதலை என்று அறிவித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் சுதந்திரத்தைத் தேடிச் சாம்ராஜ்யத்தின் பக்கம் ஓடினார்கள். 1783ல் நியூயார்க்கை விட்டுப் பிரிட்டிஷ் கப்பல்கள் கிளம்பியபோது மூவாயிரம் கறுப்பர்களின் பெயர்கள் ஒரு பேரேட்டில் எழுதப்பட்டிருந்தன. காலனிகளின் பக்கத்திலும் ஐயாயிரம் கறுப்பர்கள் வாக்கில் போரிட்டார்கள். அடிமையாக விற்கப்பட்டு வந்த கறுப்புப் பெண் ஃபிலிஸ் வீட்லி 1775ல் வாஷிங்டனுக்குக் கவிதை எழுதி அனுப்பினாள்; அடிமைகளை வைத்திருந்த வாஷிங்டன் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். சுதந்திரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? டன்மோருக்கு அது யுத்த தந்திரம்தான். ஆனால் ஓடியவனுக்குத் தந்திரம் அல்ல, அவன் உயிர்.

*

பிரான்ஸ் என்ற வரிதான் எல்லாவற்றையும்விடச் சங்கடமானது. கார்ன்வாலிஸ் யார்க்டவுனில் 1781 அக்டோபர் 19ல் சரணடைந்தார். அதற்கு முன்பு செப்டம்பர் 5ந்தேதி, விரிகுடா வாயிலில் டி கிராஸின் இருபத்துநாலு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பத்தொன்பது பிரிட்டிஷ் கப்பல்களைத் திருப்பி அனுப்பியிருந்தன. அந்த முற்றுகையில் ரோஷாம்போவின் சிப்பாய்களையும் கப்பல்காரர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் அமெரிக்கர்களைவிட பிரெஞ்சுக்காரர்கள் அதிகம். மன்னராட்சியை எதிர்த்த குடியரசு, ஐரோப்பாவின் கெட்டிப்பட்ட மன்னராட்சி ஒன்றின் தயவில் பிறந்தது. பரிசுத்தத்தைப் பற்றி ஓயாமல் சண்டை போடும் நாம் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பிரான்ஸ் வந்ததும் யுத்தம் எங்கும் பரவிற்று. ஜிப்ரால்டர், மேற்கிந்தியத் தீவுகள், கடைசியில் நம் ஊர். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொல்லிலூரில் ஹைதர் அலியின் படை பெய்லியின் பிரிட்டிஷ் படையை நிர்மூலமாக்கியது. மறு ஆண்டு பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றார். இந்தச் செய்திகள் அட்லாண்டிக்கின் அக்கரையிலும் போய்ச் சேர்ந்தன. பென்ஸில்வேனியாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலுக்கு ஹைதர் அலி என்றே பெயர் வைத்தார்கள். 1782 ஏப்ரலில் அது டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. பிரிட்டிஷ் சிறைக்கப்பலில் கிடந்து மீண்ட கவிஞர் ஃப்ரெனோ அதைப் பாடினார். யார்க்டவுன் முடிந்து ஒன்றே முக்கால் வருஷம் கழித்து, 1783 ஜூனில், கடலூரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையை ஸ்டூவர்ட் முற்றுகையிட்டார். கடலில் ஸஃப்ரன் சண்டையிட்டார். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி ஜூன் கடைசியில் வந்து சேர்ந்ததும் சண்டை நின்றது. அமெரிக்க சுதந்திர யுத்தத்தின் கடைசி வேட்டுகள் நம் கடலூர் மணலில் வெடித்தன என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் இதில் பெருமைப்பட ஏதுமில்லை. ஆற்காட்டுச் சீமை எரிந்து கிடந்தது, மதராஸில் பஞ்சம், செத்தவர்களுக்கு எந்தச் சுதந்திரமும் கிட்டவில்லை. எங்கும் இருப்பது சாம்ராஜ்யத்தின் பலம். எங்கும் இருந்தாக வேண்டியிருப்பது அதன் நோய். அந்த நோயின் செலவை யார் கொடுத்தார்கள் என்பதை அட்டவணை சொல்லாது. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786ல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்தார். 1792ல் திப்புவின் ராஜ்யத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார். தோல்வியிலிருந்து கற்றுக்கொள்வது காலனிகளின் தனிச்சொத்தல்ல.

*

கடைசியாக ஒரு புத்தகம். ஜோஸஃப் பிளம் மார்ட்டின் 1776ல் பதினைந்து வயதில் படையில் சேர்ந்தவன். நண்பர் சொல்லும் அதே உழவர் வீட்டுப் பையன். எழுபது வயதில், 1830ல், பெயர் போடாமல் தன் நினைவுகளை ஒரு சின்ன ஊரில் அச்சிட்டான். அதில் சங்கல்பம் குறைவு, பசி அதிகம். காங்கிரஸ் உத்தரவிட்ட நன்றி நாளில் ஒரு பிடிகூட இல்லாத அரிசியும் ஒரு கரண்டி வினிகரும் விருந்தாகக் கிடைத்ததை எழுதுகிறான். நாலு நாள் மரப்பட்டையைத் தவிர வேறெதுவும் தின்னாததை எழுதுகிறான். தேசம் தங்களை ஏமாற்றிவிட்டது என்றும் எழுதுகிறான். அந்தக் கசப்பினூடே சிரிக்கவும் செய்கிறான். எமர்ஸனின் உழவன் பாலத்தருகே நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். மார்ட்டினோ நடக்கிறான், தூங்குகிறான், திருடித் தின்கிறான், மறுபடி நடக்கிறான். வருஷக்கணக்கில் அவன் போகாமல் இருந்ததுதான் ராணுவ ரீதியாகக் காலனிகளுக்கு இருந்த ஆகப் பெரிய அனுகூலம் என்று எனக்குப் படுகிறது. இந்தப் புத்தகம் பரவலான வாசகர்களிடம் வந்தது 1962ல் வெளியான மறுபதிப்புக்குப் பிறகுதான்.

சிறுபத்திரிகைக்கு இதிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ள முடியுமானால், அது வேட்டைத் துப்பாக்கி அல்ல. சந்தா வாங்கினால் இதழைச் சொன்ன மாதத்தில் அனுப்புவது, பிழை திருத்துவது, நம்மால் எத்தனை வேட்டு போட முடியும் என்று தெரிந்து அத்தனையை மட்டும் குறிபார்த்துப் போடுவது, அடுத்த டிசம்பரிலும் வீட்டுக்குப் போகாமல் இருப்பது. தீவிரம் இவற்றுக்குப் பதிலாக வரும் பண்டம் அல்ல. இவற்றைச் செய்கிறவனிடம் இருப்பதற்குத்தான் தீவிரம் என்று பெயர். நண்பர் அடுத்த கூட்டத்தில் அந்த உழவனை மறுபடியும் அழைத்து வந்தால் நான் கைதட்டப் போவதில்லை. மார்ட்டினைப் படித்தீர்களா என்று கேட்பேன்.